கயிறு பிடித்தவர் இல்லாத கதை

கதை சொல்லும்போது மாமா தோளில் கிடக்கும் துண்டின் ஒரு முனையை வலது கையில் சுற்றிக்கொள்வார். மறுமுனை என் பக்கம் கிடக்கும். சும்மா இருக்க எனக்குத் தெரியுமா? பிடித்து வெடுக்கென்று இழுப்பேன். உடனே துண்டோடு சேர்த்து என்னையும் தன் மடிக்கு இழுத்துவிடுவார். கதை பாதியில் நிற்கும், அவருக்கு மூச்சு வாங்கும். எனக்கு அது விளையாட்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் கடலோர ஊரான திரேஸ்புரத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அப்பா சங்கு குளிக்கப் போய்க் கடலோடு போனபோது நான் கைக்குழந்தை. நான் வளர வளர, சாயங்காலம் தவறாமல் வந்து மாமா எனக்குக் கதை சொன்னார். ஒரே கதைதான், சங்குராசா கதை. சங்கு குளிக்கிற ஒருவன் கடலடியில் வலம்புரிச் சங்கைத் தொடுகிறான். தொட்டதும் தண்ணீருக்குள் மூச்சு விடும் சக்தி வந்துவிடுகிறது. படகில் வந்த ஒரு வியாபாரியிடம் சங்கை விற்றுவிட்டு, அன்று முதல் மூழ்குகிற கப்பலையெல்லாம் தோளில் தூக்கித் துறைமுகத்தில் சேர்க்கிறான். சங்குராசாவுக்குச் சிவப்பு உடுப்பு, இடது புருவத்தில் ஒரு தழும்பு. சுவரில் மாலை போட்ட படத்திலும் அப்பாவுக்கு அதே தழும்பு. ஆள் யாரென்று எனக்குத் தெரியாதா என்ன?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கதையில் ஓட்டை பிடிப்பதுதான் என் வேலை.

"சங்கத் தொட்டா சக்தி வரும்னா, அத வாங்குன வியாபாரிக்கு ஏன் மாமா வரல?"

"அவன் எங்க தொட்டான்? தராசுல வைன்னுல்லா சொன்னான்."

"தண்ணிக்குள்ளயே கெடந்தா தோலு ஊறிராதா?"

"ஊறும்லா. அதுக்குத்தான் அந்தச் செவப்பு உடுப்பு. ஏளா, நீ வக்கீலுக்குப் படி."

"இம்புட்டு சக்தி இருக்குல்லா, பெறகு ஏன் வீட்டுக்கு வரல?"

இதற்கு மட்டும் சிரிக்கமாட்டார். "கரையேறுனா சக்தி போயிரும். பெறகு கப்பல யாரு தூக்குவா?" என்று துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொள்வார். நானும் சரியென்று விட்டுவிடுவேன்.

மாமா இப்போது இல்லை. நான் சென்னையில் இருக்கிறேன். என் மகள் ஓயாமல் சூப்பர்ஹீரோ படம் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை பிடிக்கிறாள். என் மகளாயிற்றே. ஒருநாள் பெருமையாகச் சங்குராசாவை எடுத்துவிட்டேன். பட்டணத்துப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்று முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். முங்குகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் அவனுடைய மச்சினன்தான் பிடிப்பான். கீழே இருப்பவன் சுண்டினால் உடனே மேலே இழுக்க வேண்டும். அக்காவின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதால் மச்சினன் அசரமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

கதை முடிந்ததும் அவள் கேட்டாள்: "அப்போ சங்குராசாவோட கயித்த யாரும்மா பிடிச்சிருந்தாங்க?"

அத்தனை ஓட்டை பிடித்த என் கண்ணில் இது படவே இல்லை. அப்பாவுக்கு ஒரே ஒரு மச்சினன்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "கீழ முங்குனவருக்குக் காத்து அனுப்புத மிஷின் நின்னு போச்சி. அதப் பாக்க ஒரு நிமிசம் கயித்தப் படகுல கட்டிட்டுப் போயிருக்கான். அப்பதான் ஒங்கப்பா சுண்டியிருக்காவ. அவன் என்ன செய்வான், பாவம்" என்றாள்.

"ஒம்மேல தப்பில்லன்னு மாமாட்ட சொன்னியாம்மா?"

"தெனமும் சோறு போட்டம்லா. அதுலயே தெரியாதா?" என்றவள், "ஒரு வார்த்த வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்ளா" என்று அழுதுவிட்டாள்.

கதையில் எல்லாரும் இருந்தார்கள். சங்கு வாங்கிய வியாபாரிகூட இருந்தான். மாமா தன்னை மட்டும் விட்டுவிட்டார். என்றைக்காவது நான் கேட்பேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. கேட்டிருந்தால், உங்கள் மேல் என்ன தப்பு மாமா என்று கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். இனி யாரிடம் போய்ச் சொல்ல?

துண்டின் மறுமுனையை எத்தனையோ முறை இழுத்திருக்கிறேன். மாமா ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை.