மல்லிகை சூடாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். தங்கை நான் கண்டதை எழுதுகிறேன். சிலருக்குக் கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிவெட்டியில் வயல்காரக் குடும்பமொன்றின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த அத்தானை மணந்து பட்டினத்துக்கு வந்தார். முதற்பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்து இறந்தது. பிறகு பிள்ளை இல்லை. வீட்டோடு முடங்கிவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் கொழும்புக்குப் போய்ப் பிசியோதெரபி படித்து, இங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கை கால் முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. சற்று ஓய்வு கிடைத்தால் குறைமாதப் பிள்ளைகளின் அறையில்தான் நிற்பார்.

எனக்கும் எட்டாம் மாதத்தில் வலி கண்டது. மகளை என்னிடம் காட்டாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்படிச் சொன்னவர்களில் சிலர் இந்த நினைவு மலரையும் கையில் வைத்திருப்பீர்கள். மறுநாளே என் கட்டிலுக்கு மல்லிகைப்பூ வந்தது. பால் வற்றுவதற்காக அதை மார்பில் வைத்துக் கட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் செய்வது அது. என் பிள்ளையோ பக்கத்து அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தடுக்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

அக்கா வந்தார். கட்டை அவிழ்த்துப் பூவைக் கூடைக்குள் போட்டார்.

“எனக்கும் இப்பிடித்தான் கட்டினவை. என்ர பிள்ளை அதுக்குப் பிறகும் உயிரோட இருந்தது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எழும்பு.”

அதுவரை எனக்கும் அது தெரியாது. அவர் மல்லிகை சூடுவதை நிறுத்தியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

தாய்மாரை அந்த அறைக்குள் விடும் வழக்கம் அப்போது இல்லை. அக்கா தாதியர் தலைவியான மேற்றனிடம் மன்றாடி எனக்கும், கிண்ணியாவிலிருந்து வந்திருந்த இன்னொரு தாய்க்கும் இடம் வாங்கினார். பழைய சேலைத்துண்டைச் சுருட்டிப் பிள்ளையைச் சுற்றி அணை கட்டினார். கால்கள் விறைத்து நீண்டுபோகாமல் மடித்து வைக்கவும், ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதங்களிலும் அசையாமல் வைத்திருக்கவும் சொல்லித் தந்தார். வற்றத் தொடங்கிய பாலைப் பிழிந்தெடுக்க வைத்தார். சொட்டுச் சொட்டாய் வந்ததை மூக்குக் குழாயால் கொடுத்தார்கள்.

மகள் திடீர் திடீரென்று மூச்சை நிறுத்தி நீலம் பாரிப்பாள். அக்கா உள்ளங்காலைச் சுண்டுவார், மூச்சு திரும்பும். மறுபடியும் நிற்கும். ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை.

“விடுங்கோ அக்கா. இது படுற பாட்டைப் பாக்க ஏலாது.”

“போறதெண்டாலும் உன்ர கைக்குள்ள போகட்டும். கையை எடுக்காதை.”

அதைப் போலக் கொடுமையான வார்த்தையை நான் கேட்டதில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கிண்ணியாத் தாயின் மகன் அந்த வாரமே இறந்தான். அக்கா அவரை வெளியே அனுப்பவில்லை. பிள்ளையை எடுத்து மடியில் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை கூடவே இருந்தார். பிறகு ஆண்டுதோறும் நோன்புப் பெருநாளன்று அந்தத் தாய் அக்காவைத் தேடி வருவார்.

என் மகள் பிழைத்தாள். இடது கால் சற்று இழுக்கும். அந்தக் காலுக்கு அக்கா வருடக்கணக்காக மாலை தவறாமல் பயிற்சி கொடுத்தார். அவள் வீறிட்டு அழுவாள், இவர் விடமாட்டார். பிடிவாதத்தில் இருவருக்கும் நல்ல பொருத்தம். சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்தபோது, வீங்கிய அவர் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவளும் அவள்தான். நாங்கள் எவ்வளவு வேண்டியும் அக்கா எங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில் அது ஆறவும் இல்லை.

இறுதிக் கிரியையன்று, சுமங்கலியாகப் போனவர் என்று பெண்கள் மல்லிகைச் சரம் கொண்டுவந்தார்கள். மகள் காலை இழுத்துக்கொண்டு முன்னால் போய் அதை வாங்கி ஒதுக்கி வைத்தாள்.

“பெரியம்மாவுக்கு மல்லிகை வேண்டாம்.”

முற்றத்துச் செவ்வரத்தைப் பூவைப் பறித்து அவளே சூட்டினாள்.

நோயில் கூட நின்றவர்களுக்கும், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர்களுக்கும், கிண்ணியாவிலிருந்து வந்த அந்தத் தாய்க்கும் எங்கள் நன்றி. மற்ற உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி நம் குடும்பத்தில் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் பூவோடு வராதீர்கள். அந்தத் தாயை எழுப்பிப் பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.