சினைப்பால் என்று சொன்னார்கள்

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பம்பாயில் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தோம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறையில் லேத் வேலை. நாலு வீடு தள்ளி அவருடைய அக்கா இருந்தார். எனக்கு மயினி முறை.

எங்கள் மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது. நடப்பான், ஓடுவான், சோறும் தின்பான். ஆனால் பாலை மட்டும் விடவில்லை. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றால்கூட வந்து முந்தானையைப் பிடித்து இழுப்பான். "இவன் மாப்பிள்ளையா மணையில உக்காந்தாலும் அம்மா மடியத்தான் தேடுவான்" என்று பெண்கள் கேலி செய்வார்கள். வெளியே அவனை அதட்டுவேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த மழையில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. கேம்பில் பல வீடுகளில் வயிற்றுக்கு ஆகாமல் போயிற்று. இவனுக்கு முதலில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. துணி அலசி மாளவில்லை, அலசினது காயவும் இல்லை. வீட்டிலிருந்த பழைய வேட்டியையெல்லாம் கிழித்துவிட்டேன். அப்போதும் அவன் பாலுக்குத்தான் வந்தான். குடிப்பான், கொஞ்சம் கண் அசருவான், உடனே மறுபடி போய்விடும். அதை மயினி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, நீ தலைக்குக் குளிச்சு எம்புட்டு நாளாச்சு?"

யோசித்துப் பார்த்தேன். நாள் தள்ளித்தான் போயிருந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அது போதாதா!

"அப்பவே நெனச்சேன். வயித்துல ஒண்ணு தங்கிட்டு. இது செனப்பாலுல்லா! செனப்பாலக் குடிச்சா புள்ளைக்கு வயித்தால போவத்தான் செய்யும். இன்னையோட நிப்பாட்டு."

மறுபடி உண்டானவளின் பால் மடியில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினார்கள். குழாயடியில் கேட்டேன். அங்கேயும் ஒருத்தி விடாமல் ஆமாம் என்றார்கள். மயினியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷி. சொன்னது அவர், செய்தது நான்.

மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டேன். மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்றார்கள். வீட்டுக்காரர் மாட்டுங்கா பூக்கடையில் ஒரு பொட்டலம் நிறைய வாங்கி வந்தார். "கலியாணமான புதுசுல கூட இம்புட்டுப் பூ வாங்கித் தரலியே" என்று நான் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சிரிக்கத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

அவன் வந்தான். வாயை வைத்தான். முகம் அப்படியே கோணிப்போயிற்று. என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ தப்பு நடந்துவிட்டது, அம்மா சரி செய்துவிடுவாள் என்பது போல ஒரு பார்வை. பிறகு மறுபக்கம் நகர்ந்து போய் வாயை வைத்தான். அங்கேயும் கசப்பு. வீறிட்டு அழுதான். நானும் அழுதேன், ஆனால் எண்ணெயைத் துடைத்துவிடவில்லை. அவன் நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்தான். அப்புறம் வரவில்லை.

அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி என்று எது கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டான். மீறிப் புகட்டினால் வாந்தி. மறுநாள் காலையில் துவண்டு கிடந்தான். அழுதால் கண்ணீர் இல்லை, சத்தமும் இல்லை. தூக்கிக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் ஓடினோம். அவர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் அப்படியே நின்றது.

"தூத் கியூன் பந்த் கியா?" என்றார். பாலை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார் என்பதுவரை எனக்கே புரிந்தது. வீட்டுக்காரர் தட்டுத் தடுமாறி இந்தியில் விளக்கினார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். உண்டாகியிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தாய்ப்பால் ஒன்றுதான் இப்போது இவனுக்குத் தங்கும், போய்க் கொடு என்றார். காய்ச்சி ஆறின தண்ணீரில் சர்க்கரையும் துளி உப்பும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைவிட முதல் வார்த்தைதான் என் காதில் நின்றது. பால் கொடுக்கலாம்! ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, கட்டை அவிழ்த்து, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அவனை மடியில் போட்டேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கெஞ்சினேன், கொஞ்சினேன். சங்கில் பீய்ச்சிக் கொடுக்கலாம் என்றால் பால் கட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதையும் துப்பினான். உப்புத் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைக்கு, என் மார்பை விட்டு விலக மட்டும் எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்ததோ!

சுவரை ஒட்டின அடுத்த வீட்டில் கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த அக்காவுக்குக் கைக்குழந்தை, பெண். என் அழுகையைக் கேட்டு வந்து நின்றாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அக்கா, நீங்க ஒரு வாய் குடுத்துப் பாக்கீயளா?"

அவள் பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு மதத்துப் பிள்ளை என்று யோசிக்கிறாளோ என்று எனக்கு மனசு சுருங்கிற்று.

"குடுக்கேன், தங்கச்சி. ஆனா இது சும்மா காரியமில்ல, பாத்துக்கோ. எம் பாலக் குடிச்சா இவன் எனக்குப் புள்ள, எம் மவளுக்கு அண்ணன். எங்க மார்க்கத்துல அந்த உறவ அழிக்க முடியாது. அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அவுக என்னைய ஏசுதாவ. புள்ள கெடக்க கெடையில கேக்க எதுக்கு வந்தே, குடுத்துட்டு வந்து சொல்லப்பிடாதாங்காவ" என்றாள்.

மயினி வாசலில் நின்றிருந்தார். என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர்தான் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கி அந்த அக்காவின் மடியில் வைத்தார்.

முதலில் அவளிடமும் திமிறினான். அவள் விடவில்லை. உதட்டில் பாலைத் தடவினாள், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே முதுகைத் தட்டினாள். உதடு அசைந்தது. பிறகு குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கக்கினான், மறுபடி கொடுத்தாள். நடுநடுவே நான் உப்புத் தண்ணீர் புகட்டினேன். இப்போது விழுங்கினான். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் "யா அல்லா!" என்று கத்தினாள். என்னவோ ஏதோ என்று பதறினால், அவள் சேலையெல்லாம் ஈரம்.

"ஒண்ணுக்குப் பேஞ்சுட்டான்! பேஞ்சுட்டான்ளா!" என்று மயினி ஊருக்கே கேட்கும்படி கூவினார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதோம். "பெரியவனான பொறவு எம் மவளப் பொண்ணு கேட்டு மட்டும் வந்துராதீய" என்றாள் அந்த அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவன் தேறும்வரை அவள்தான் கொடுத்தாள். அந்த வாரமே நான் தலைக்குக் குளித்தேன். வயிற்றில் ஒன்றுமே இல்லை. மயினியிடம் சொன்னபோது அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

பிள்ளை பழையபடி ஓடினான், சோறு தின்றான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினான். ஆனால் மார்பருகே முகம் பட்டால் மட்டும் தள்ளிப் படுத்துக்கொள்வான். எனக்கும் பால் வற்றிவிட்டது. "மறக்கடிக்கிற வயசுதானே, எப்படியும் நிப்பாட்டத்தானே செய்வே" என்று எல்லோரும் தேற்றினார்கள். வாஸ்தவம்தான்.

அடுத்து ஒரு தம்பி பிறந்தான். மூத்தவனுக்கு அப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. ஒருநாள் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவன் எதிரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, தம்பிக்குக் கசக்கலியா?"

யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை. அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

இப்போது அவன் பம்பாய்ப் பக்கத்துக் கோபர்கைரனேயில் குடும்பத்தோடு இருக்கிறான். அந்த அக்காவின் மகளுடைய நிக்காவில் அண்ணனாக நின்றவன், அக்காவை இன்றைக்கும் உம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவள் பாலில் அவன் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஒரு குறையும் இல்லை. ஆனால் உயிருக்குத் தவித்த நாளில் பிள்ளை நம்பி வந்த இடத்தில் நானே கசப்பைத் தடவி வைத்தேனே, அது மட்டும் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு ஆறவே இல்லை.