ராமகங்கையில் நான் போட்ட இரண்டே முக்கால் முழுக்கு

1946 பிப்ரவரியில், இமயமலை அடிவாரத்துத் தேசியப் பூங்காவின் மீது மயிலாப்பூரிலிருந்து படையெடுத்தவன் நான். படை என்றால் நான், அக்கா மகள் வத்ஸலா, ஒரு கூஜா. விலங்கியல் படிக்கும் அவளுக்கு மேற்படிப்புக்கு வடக்கே போக ஆசை. அவள் அப்பா, என் அத்திம்பேர், நிபந்தனை போட்டார்.

"மூணு நாள் காட்டுல இருந்து காட்டு. நீள மூக்கு முதலையை நேர்ல பார்த்து வரைஞ்சுண்டு வா. மாமா சொன்னான்னு மட்டும் வராதே. அவன் சொல்ற யானைக்கு எட்டுக் கால் இருக்கும்."

சென்ட்ரலிலிருந்து டில்லிக்கு இரண்டு இரவு. ராம்நகருக்கு இன்னும் ஓர் இரவு. பிறகு காட்டுப் பாதையில் முப்பது மைல், லாரியில் நாலரை மணி நேரம், ஆளுக்கு மூன்று ரூபாய். குலுங்கியதில் என் பற்கள் இடம் மாறி உட்கார்ந்தன. தியாகராய நகர் ஹிந்தி வகுப்பின் தைரியத்தில் வத்ஸலா டிரைவரிடம் புலி வருமா என்று கேட்டாள். "வரும், உங்கள் மாமா வாயை மூடினால்" என்றாராம். மொழிபெயர்ப்பில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டு நாளில் ஆயிரம் புள்ளிமான் பார்த்தோம். (வத்ஸலா கணக்கில் நாற்பத்தொன்று.) முதலை மட்டும் இல்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்கு லாரி திரும்பிவிடும். அன்று அவள் காப்பியைத் தொடவேயில்லை.

வடக்கே வந்து நதியில் முழுகாமல் போனால் மாட வீதியில் தலைகாட்ட முடியுமா? எட்டு மணிக்கு, விடுதி வெந்நீரை உதறி, வனக் காவலர் கரையிலிருந்து கத்தியதை ஆசீர்வாதமாக ஏற்று, ராமகங்கையில் இறங்கினேன். மூன்றாம் முழுக்குக்கு மூக்கைப் பிடித்தபோது, எதிர் மணல்திட்டில் ஒரு மரக்கட்டை ஊர்ந்து ஏறியது. கட்டைக்கு ஒரு முழ மூக்கு. மூக்கு நுனியில் சொம்பைக் கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு.

"மாமா, அசையாதீங்கோ!" கரையில் வத்ஸலா, கையில் பென்சில்.

"தின்னுடுமேடி!"

"அது மீன்தான் தின்னும். நீங்க அசைஞ்சா தண்ணிக்குள்ள போயிடும். என் படிப்பும் கூடவே போயிடும்."

ஒரு யுகம் நின்றேன். அவள் கைக்கடிகாரத்தில் அது பன்னிரண்டு நிமிஷம்.

போகிறவர்கள் கம்பளி இரண்டு எடுத்துப் போங்கள். அரிசி, பருப்பை ராம்நகரிலேயே வாங்குங்கள். வெந்நீரில் குளியுங்கள். அந்த ஆற்றில் வேறு ஜாதி முதலையும் உண்டாம், அது மீனோடு நிற்காதாம். காவலர் கத்தியது அதைத்தான்.

மயிலாப்பூரில் அத்திம்பேர் படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அளவு தெரிவதற்காக முதலைக்கு முன்னால் என்னையும் வரைந்திருந்தாள், இடுப்பளவு நீரில், மூக்கைப் பிடித்தபடி.

"தொப்பையை ஒரு அங்குலம்கூடக் குறைக்கலை," என்றார். "அப்போ முதலையும் நிஜம்தான். விண்ணப்பத்தைக் கொண்டாம்மா, கையெழுத்துப் போடறேன்."