உதடு படாத கிண்ணம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது மொன்றியலின் வில்லரேயில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த வாய் இன்னொருவர் குடித்த பாத்திரத்தில் பட்டதே இல்லை. கட்டின புருஷன் இருந்த காலத்தில் அவருடைய தேத்தண்ணிப் பேணியில்கூட ஒரு மிடறு குடித்ததில்லை. எச்சில் எச்சில்தான். புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி அடுக்கும் கிடங்கில், தண்ணீர்ப் போத்தலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து நான் அண்ணாந்து குடிப்பதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

என் ஒரே மகள் ஜப்பான்காரப் பெடியனை விரும்பினாள். அவனுடைய தாய்தகப்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் இருக்கிறார்கள். சம்மதம் சொன்னேனே தவிர மனம் ஆறவில்லை. ஒரு வருடமாகச் சம்பந்தி அம்மாவை ஒரு தேத்தண்ணிக்குக்கூட நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கலியாணம் ஜப்பானில், அவர்களுடைய ஊர்க் கோயிலில் என்றார்கள். கோயில்தானே என்று விமானம் ஏறினேன்.

வாசலில் கை கழுவி வாய் கொப்பளிக்கத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சடங்குக்கென்றே தனி மண்டபம். செருப்பைக் கழற்றச் சொன்னதும் எனக்குப் பாதி நிம்மதி. உள்ளே போய் இருந்த பிறகுதான் மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, சாமிக்கு வைச்ச அரிசிச் சாராயத்தை ஒரே கிண்ணத்திலை ரெண்டு பக்கத்துப் பெரியாக்களும் மூண்டு மூண்டு மிடறு குடிக்கோணும். அப்பதான் ரெண்டு வீடும் ஒண்டாகும்."

"எல்லாரும் வாய் வைச்ச கிண்ணத்திலையோ? முன்னமே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் வந்திருக்க மாட்டியள். குடிக்க வேண்டாம், சும்மா உதட்டிலை முட்டினால் காணும்."

சாராயத்துக்கு நான் பயப்படவில்லை. சாமிக்குப் படைத்தால் அது பிரசாதம். உதட்டில் முட்டுவதுதான் என்னால் ஆகாத காரியம், அதைப் போய்ச் சலுகையாகச் சொல்கிறாள். ஆனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால், பெண்ணின் தாய் உறவே வேண்டாம் என்கிறாள் என்றுதான் சபை நினைக்கும். மகளின் முகம் வெளிறிப் போயிருந்தது.

மேளம் நின்றது. பெடியனின் தகப்பன் குடித்த கிண்ணத்தைத் திரும்ப நிரப்பி என் கையில் தந்தார்கள். உள்ளங்கை மாதிரித் தட்டை. போத்தலில் பழகிய கைக்கு இது வேறு விளையாட்டு. பிள்ளையாரே என்று அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து மூன்று தரம் ஊற்றினேன். தொண்டை எரிந்தது. சேலையில் ஒரு துளி விழவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

பூசகர் நிலத்தைப் பார்த்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்தது சம்பந்தி அம்மா. நிரப்பிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தானும் அண்ணாந்து ஊற்றினார். பாதி வாய்க்குள் போனது, பாதி கழுத்து வழியே பட்டுக் கிமோனோவுக்குள் போனது. ஆள் அசையவில்லை. மூன்று தரமும் அப்படியே குடித்து முடித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழும்பிப் போய், என் காஞ்சிபுரச் சேலைத் தலைப்பால் அவர் கழுத்தை ஒற்றினேன்.

"எனக்கும் இதைப் பழக்குவீர்களா?" என்று மெல்லக் கேட்டார், எங்கள் இருவருக்கும் தெரிந்த மொன்றியல் பிரெஞ்சில்.

"ஓம், திரும்பிப் போனதும் ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டுக்கு வாங்கோ. மாத்துச் சட்டை ஒண்டும் கொண்டு வாங்கோ."

அவசரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. மகள் அழுதுகொண்டே அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.