சாப்பாட்டுப் பெட்டியும் இரண்டு கேள்வியும்

எங்கள் பக்கத்தில் அன்பு முட்டையாகத்தான் வரும். வீட்டுக்கு ஆள் வந்தால் முட்டை பொரிக்க வேணும். காய்ச்சல் விட்டால் முட்டைக் கோப்பி. பிள்ளை சோதினை பாஸ் பண்ணினால் அவித்த முட்டை. அப்படிப்பட்ட ஊரில் முட்டை ஆகாத ஒரு பிள்ளையைப் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கினவள் நான். உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒன்று இருக்கிறதென்று டொக்டர் சொல்லி, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறீர்களென்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இடையில் கொஞ்சம் பெருமையடிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நிரோஜினிக்குப் பல் முளைக்கிற வயதில் முதன்முதலாக மஞ்சள் கருவைக் குழைத்து நாக்கில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு உதடு வீங்கியது. கண்ணிரண்டும் மூடி, என் பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாவூறு என்று பக்கத்து வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மிளகாய் வெடித்து முடிவதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

முட்டைக்கு ஒவ்வாமை (உடம்பு ஒரு சாப்பாட்டை எதிரியென்று நினைத்து அதோடு சண்டைக்குப் போவது) என்று டொக்டர் சொன்னார். நாட்டில் நடக்கிற சண்டை போதாதென்று என் பிள்ளையின் உடம்புக்குள்ளும் ஒன்றா என்று நினைத்தேன்.

"வளர வளரக் கனபேருக்கு மாறும். மாறாட்டி, இவ தன்னைத் தானே பாத்துக்கொள்ளப் பழக வேணும். நீங்க எத்தினை நாளைக்குப் பக்கத்தில நிப்பீங்க?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாகும்வரைக்கும் நிப்பன், உங்களுக்கென்ன என்று வாய்வரை வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. என் கையை விட்டுப் போன இடத்தில் இவள் எதையும் தின்று விட்டால் யார் பார்ப்பது?

எங்கள் வீடு கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. சுனாமியென்று கடல் வந்தபோது நிரோவுக்கு ஏழு வயது. நானும் அவளும் அவளுடைய அப்பாவும் தப்பினோம். வீடு தப்பவில்லை. அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தொடங்கினால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நல்ல மனுசர் எங்கெங்கிருந்தோ சோற்றுப் பார்சல் கொண்டுவந்தார்கள். பிரித்தால் ஒவ்வொன்றின் மேலேயும் பாதி அவித்த முட்டை, கண்ணைப்போல் பார்த்துக்கொண்டிருக்கும். முட்டையை எடுத்து எறிந்துவிட்டுக் கொடு என்றார்கள். முட்டை தொட்ட சோறும் கூடாது என்று நான் திருப்பிக் கொடுத்தேன். "அகதி முகாமுக்கு வந்தும் இவக்கு எடுப்பைப் பார்" என்று பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும். நான் அடுத்த நாளே முகாமின் அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டேன். பானையில் முதல் அகப்பைச் சோறு, வேறொன்றும் படுமுன் என் பிள்ளைக்கு வந்தது.

அப்படியிருந்தும் ஒருநாள் நடந்தது. யாரோ புண்ணியவான்கள் வந்து அப்பம் சுட்டுக் கொடுத்தார்கள். நிரோவுக்கு வெறும் அப்பம். அரிசிமா, தேங்காய்ப்பால், வேறொன்றுமில்லை. நான் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் மாவை ஊற்றினார்கள். அவள் பாதி தின்னுமுன் இருமத் தொடங்கினாள். குரல் கரகரத்தது. கழுத்தெல்லாம் தடிப்பு எழும்பியது. ஓட்டோவில் போகும்போது மூச்சு விசிலடித்தது.

ஆஸ்பத்திரியில் வாட்டுக்குக் கொண்டுபோகக்கூட நேரமிருக்கவில்லை, நடையிலேயே வைத்துத் தொடையில் ஊசி போட்டார்கள். அனபிலக்சிஸ் (உடம்பு முழுவதும் ஒரேயடியாகக் கிளம்பி, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் விழுத்தும் கடும் ஒவ்வாமை) என்று அன்றுதான் அந்தச் சொல்லைக் கேட்டேன். பிள்ளையின் முகத்துக்கு நிறம் திரும்பிய பிறகு டொக்டர் கேட்டார்.

"அதுக்கு முன்னுக்கு அந்தச் சட்டியில என்ன சுட்டவங்க?"

முட்டை அப்பம். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவருக்கு.

அன்றைக்கு விளங்கியது, ஒரு கேள்வி போதாது என்று. 'இதில முட்டை இருக்கா' என்று கேட்டால் ஆட்கள் உண்மையாகவே இல்லை என்பார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று கேட்க வேணும்: 'இது எதில செஞ்ச, எதில அளந்த, எதில வச்ச?' இந்த இரண்டு கேள்வியையும் நிரோவுக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினேன். தலை இழுத்துப் பின்னும்போது கேட்பேன், குளிக்க வார்க்கும்போது கேட்பேன். சலித்துப்போய் "எதில வாற தண்ணி அம்மா இது?" என்று என்னையே நக்கலடிப்பாள். அடிக்கட்டும். நாக்கில் ஏறினால் சரி.

பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியபோது சாப்பாட்டுப் பெட்டி என் வேலையாயிற்று. இதில் நான் படித்ததைச் சொல்கிறேன். பேக்கரிப் பனிஸின் மினுக்கத்தை நம்பாதீர்கள், அது முட்டை பூசின மினுக்கம். கட்லட்டைத் தூளில் பிரட்டுமுன் முட்டையில்தான் தோய்ப்பார்கள். பெருநாளுக்கு அன்பாக வருகிற வட்டிலப்பம் முழுக்க முழுக்க முட்டை. ஆனால் பயப்படாதீர்கள், நம்முடைய சாப்பாட்டில் முட்டை இல்லாததுதான் அதிகம். புட்டும் மீன் பொரியலும், தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச்சம்பலும், இடியப்பம், அவித்த கடலை என்று நான் கட்டிய பெட்டியைத் திறந்தால் வகுப்பே மணக்கும்.

வகுப்பு டீச்சர் முதலில் அவளைத் தனியாக ஒரு மேசையில் இருத்தப் பார்த்தார். "டீச்சர், என்ட பிள்ளைக்குத் தொத்து வருத்தமில்ல" என்றேன். பிள்ளைகள் மாற்றி மாற்றித் தின்னுவார்களே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் ஒரு வழி கண்டேன். பெட்டியில் கூடுதலாகக் கட்டினேன். "குடுக்கலாம், வாங்கக் கூடாது" என்று நிரோவிடம் சொன்னேன். கொடுக்கிற கைக்கு எப்போதும் கூட்டாளிகள் இருப்பார்கள். ஒரு மாதத்தில் அவள் வகுப்பின் பெரிய மனுசி. டீச்சரும் ரொட்டித் துண்டுக்குக் கை நீட்டியதாகக் கேள்வி.

பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமல் இருந்தால் பிள்ளை ஏங்கும் என்று, முட்டைக்குப் பதில் எருமைத் தயிரும் அப்பச்சோடாவும் போட்டு அடித்துப் பார்த்தேன். முதல் கேக்கில் கத்தி இறங்கவில்லை. அவளுடைய அப்பா மேசன். ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லு புள்ள, அத்திவாரத்துக்குக் காணும்" என்றார். மூன்றாவது கேக் பஞ்சாக வந்தது. வாயை மூடிக்கொண்டு இரண்டு துண்டு தின்றார்.

டொக்டர் அட்ரினலின் (மூச்சுக் குழாயைத் திறந்து உயிரைப் பிடித்து வைக்கும் ஊசி மருந்து) குப்பியும் ஊசியும் தந்து, போடவும் பழக்கியிருந்தார். ஊசி போட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், மறக்காதீர்கள். அது நிரோவின் பையில் இருக்கும். அது சண்டை மறுபடி மூண்ட காலம். றோட்டுச் சென்றியில் ஆமி மறித்துப் புத்தகப் பை எல்லாம் கொட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஆமிக்காரன் ஒருவன் குப்பியையும் ஊசியையும் தூக்கிப் பிடித்தான்.  எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் மறந்துபோனது.

நிரோ சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவனுக்கு நீட்டிக் காட்டி, "பித்தர கன்ன பே" என்றாள். முட்டை தின்ன ஏலாது. பிறகு ஊசியைக் காட்டி "பெஹெத்" என்றாள். மருந்து. கழுத்தைப் பிடித்து மூச்சு முட்டுகிற மாதிரியும் காட்டினாள். அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எல்லாவற்றையும் பையில் வைத்துப் போகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் நின்ற நாட்களில் "பித்தர நே?", முட்டை இல்லைத்தானே, என்று கேட்பான். இவளும் "நே" என்று தலையாட்டிவிட்டுப் போவாள். அந்தச் சிங்களத்தை யாரிடம் படித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தும் எனக்கு ஆறுதலில்லை. பள்ளிக்கூட இடைவேளை நேரம் வந்தால், எந்த வேலையில் இருந்தாலும் என் அடிவயிறு இறுகும். றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரும் ஓடி வரவில்லை என்று கண்ட பிறகுதான் இறுக்கம் விடும். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை, வயிறே மணிக்கூடு. வருஷக்கணக்காக இப்படித்தான்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் செல் குண்டு விழத் தொடங்கியபோது என் புருசனின் அக்கா, பூமணி மச்சாள், வவுணதீவிலிருந்து, கடலுக்குப் பிறகு நாங்கள் கட்டின புது வீட்டுக்கு வந்து சேர்ந்தா. உசிரைக் காப்பாற்ற ஓடி வந்தவ இரண்டு கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தா. முட்டை நுழையாத என் வீட்டு முற்றத்தில் கோழி! வந்தவவைப் போ என்று சொல்ல முடியுமா?

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கோணும்கா. நாங்க வளத்த பிள்ளையளுக்கு இப்பிடி ஒண்டும் வரல்லியே" என்பா.

"மச்சாள், கோழிய வளங்க, முட்டைய வித்துப்போடுங்க. என்ட பிள்ளையில பழக வேணாம்" என்பேன். உங்களுக்கும் சொல்கிறேன், டொக்டர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பரீட்சை பார்க்காதீர்கள். ஆனால் மச்சாள் கெட்டவ இல்லை. நிரோவில் உயிரையே வைத்திருந்தா. அதுதான் எனக்குப் பயம்.

போர் முடிந்த வருஷம் நிரோ பெரிய பிள்ளையானாள். எத்தனையோ வீட்டில் செத்தவீடு நடந்த வருஷம். ஆகையால் பந்தல் வேண்டாம், வீட்டோடு தண்ணி வார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஆனால் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பெரிய பிள்ளையானவளுக்கு இடுப்புப் பலத்துக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குவார்கள். கொடுப்பது மாமி, அதாவது பூமணி மச்சாள்.

"மச்சாள், முட்டை மட்டும் கூடாது."

"எனக்குத் தெரியாதாகா? எண்ணெய் மட்டும்தான் குடுப்பன். நீ போய்த் தாய்மாமனுக்குச் சொல்லிப்போட்டு வா."

என் அண்ணனுக்குப் புளியந்தீவில் கடை. முதலில் அவருக்குத்தான் சொல்ல வேணும். போனேன். அதற்குள் வீட்டில் நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாக எனக்குச் சொன்னார்கள். மூன்றிலும் பொதுவாக இருந்தது இதுதான்.

பெண்கள் குரவை போட்டிருக்கிறார்கள். மச்சாள் சொன்ன சொல் தவறவில்லை. முட்டையை உடைத்து உள்ளே இருந்ததைத் தனக்கென்று ஒரு கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டா. பிறகு வெறும் முட்டைக் கோதைக் கழுவி, அந்தக் கோதால் நல்லெண்ணெயை அளந்து கிளாசில் விட்டிருக்கிறா. ஏனென்றால் இந்த எண்ணெயைக் கோதால்தான் அளப்பது. அவவுடைய தாயும் அப்படித்தான் அளந்தா, எனக்கும் அப்படித்தான் அளந்தார்கள். முட்டையை விட்டாச்சு, அளவையும் விடுவதா?

"குடி மனே. முட்டை ஒண்டும் இல்ல" என்று நீட்டியிருக்கிறா.

வயிற்று நோவோடு குனிந்திருந்த பிள்ளை, சுற்றிவர மாமியும் சின்னம்மாவும். அன்றைக்கு அவள் தலை நிமிரவும் கூடாது. கிளாசைக் கையில் வாங்கினவள் தலையை நிமிர்த்திக் கேட்டாளாம்:

"எதில அளந்தீங்க மாமி?"

 மச்சாள் கோதைத் தூக்கிக் காட்டி, "கோதாலதான். கழுவித்தான் அளந்தன்" என்றிருக்கிறா.

நிரோ கிளாசைத் தள்ளி வைத்துவிட்டாள். "கழுவினாலும் எனக்கு ஏலாது மாமி. கோவிக்காதீங்க. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு, வேற போத்தல்ல இருந்து கரண்டியால அளந்து தாங்க. குடிக்கிறன்."

"இண்டைக்கே இந்த வாயெண்டா, இவளக் கட்டிக்கொண்டு போறவன் பாவம்" என்று ஒருத்தி சொன்னாளாம். பாவமோ புண்ணியமோ, கட்டிக்கொண்டு போக ஆள் உயிரோடு இருப்பாள்.

நான் வந்தபோது மச்சாள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதா. "என்ட கையாலயே பிள்ளைய விழுத்தியிருப்பன்கா" என்றா. வரும் வழியில் விஷயம் கேள்விப்பட்டு, வாய் நிறையப் பேச்சோடுதான் வந்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். நிரோ கரண்டியால் அளந்த எண்ணெயைக் குடித்துவிட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு கற்கண்டு சூப்பினாள். எனக்குப் பேச்செல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. முற்றத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்க, "என்ட பிள்ளை! என்ட பிள்ளை!" என்று சொன்னேன். 

தண்ணி வார்த்த அன்று அடுப்படி வாசலில் மச்சாள்தான் காவல். பலகாரம் சுட வந்த ஒவ்வொருத்தியிடமும் "என்னத்தில சுடுறீங்க? அதில முன்னுக்கு என்ன சுட்ட?" என்று கேட்டுக் கேட்டு எல்லாருடைய உயிரையும் வாங்கினா.

நிரோவின் ஒவ்வாமை இன்னும் மாறவில்லை. அந்த ஊசியை ஒருமுறையும் போட நேரவில்லை. காலம் முடிய முடியப் புதிது வாங்கி வைக்கிறோம். சுகம் என்றால் என்ன என்று கேட்டால், எங்களுக்கு இதுதான் சுகம்.

சடங்கெல்லாம் முடிந்து அவள் மறுபடி பள்ளிக்கூடம் போன காலையில், வழக்கம்போல் ரொட்டியும் சம்பலும் கட்டி நீட்டினேன். அவள் வாங்கிப் பையில் வைக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ரொட்டி எதில சுட்டீங்க?"

இத்தனை வருஷத்தில் என் கைச் சாப்பாட்டை அவள் கேட்டது கிடையாது, நக்கலுக்கு அல்லாமல். இது நக்கல் இல்லை. வீட்டில் இப்போது கோழி இருக்கிறது, முட்டை இருக்கிறது, மச்சாளின் சட்டிகள் இருக்கின்றன.  பெத்தவளையுமா? பிறகு சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்று பதில் சொன்னேன்.

"எங்கட பழைய ரொட்டித் தட்டில மகள். மாமி அதத் தொடுறல்ல."

"சரி" என்று மூடியை அமத்தினாள். "வாறன் அம்மா" என்று படலையைத் திறந்துகொண்டு போனாள்.

நான் போய்த் தேங்காய் துருவினேன், உடுப்புத் தோய்த்தேன், மச்சாளோடு இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் றோட்டில் வருகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அன்றைக்கு இடைவேளை எப்போது வந்து எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.