பேச்சியம்மாள் பாதியில் நிறுத்திய கூட்டம்

எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கூட்டம் நடக்கிறது. மைக்கின் முன் நிற்பவர் பேச்சியம்மாள். செங்கல் சூளையில் ஒன்பது வருடம் கொத்தடிமையாகக் கிடந்து மீண்டவர். பிறகு எழுதப் படிக்கக் கற்று, தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வெயில் ஏறுகிறது. தன் அம்மா இறந்த செய்தி வந்தும் சூளைக்காரர் ஊருக்கு விடாத நாளைப் பற்றிப் புத்தகத்திலிருந்து வாசிக்கிறார்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் சந்தைப் பையோடு நிற்கும் ஒரு பெண் சொல்கிறாள்: "என்னையும் விடலக்கா. இப்பவும் சூளையிலதான் கெடக்கேன்."

பேச்சியம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு அவளிடம் வருகிறார்.

"வா தாயி, அருப்புக்கோட்டைக்குப் போயி கோட்டாட்சியர்கிட்ட மனு குடுப்போம். கொத்தடிமைகள மீட்டு விடுறது அவருதான்."

"புள்ளைக ரெண்டையும் அங்கன வச்சுக்கிட்டுத்தான என்னச் சந்தைக்கு விட்டிருக்காக!"

"அதிகாரிகளக் கூட்டிக்கிட்டே போயி அழைச்சிட்டு வருவோம்."

"நாளைக்கு வாரேன்க்கா."

"நாளைக்கு நாளைக்குன்னுதான் நான் ஒம்பது வருசம் கெடந்தேன்."

அருப்புக்கோட்டை பஸ் வந்து நிற்கிறது. அந்தப் பெண் சூளை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நடத்துனர் விசில் ஊதியதும் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துப் படியேறுகிறாள். நானும் ஏறுகிறேன்.

இருக்கையில் அமர்ந்ததும் பேச்சியம்மாள் மனு எழுத மடியில் தாளை விரித்துக் கேட்கிறார்: "ஒன் பேரச் சொல்லு."