பதுளைத் திடலில் எலி வேஷம்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கினோம். பனி இன்னும் தேயிலை மேல் உட்கார்ந்திருந்தது. என் கையில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் கட்டிய பொட்டலம், இடுப்பு முடிச்சில் ஓர் எலுமிச்சம்பழம். துணைக்கு வந்தவள் அடுத்த காம்பராவில் குடியிருக்கிற பேச்சி. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பேச்சியின் வாய்க்கு மட்டும் தனி டிக்கட் எடுக்க வேண்டும் என்று லயத்தில் சொல்வார்கள். அதனால்தான் அவளைக் கூட்டிக்கொண்டேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் செல்வம் பதுளைக்கு வந்திருக்கிற கார்னிவலில் வேலை செய்கிறான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைப்பதே பெரிய பாடாகிவிட்டது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவன் ஐந்து மாதமாக வரவில்லை. அன்று இரவோடு கார்னிவல் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. கணக்கப்பிள்ளை ஐயாவோ, "திங்கக்கெழம காலைல பெரட்டுக்கு வந்து நின்னான்னா பேர் இருக்கும். இல்லாட்டி வெட்டிருவேன், அப்புறம் என்னயக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். விடிகாலைப் பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். ஞாயிறு போய் ஞாயிறே அவனைக் கூட்டி வந்தால்தான் உண்டு.

எலுமிச்சம்பழம் எதற்கு என்றால், செல்வம் அங்கே எலி வேஷம் கட்டுகிறான் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் வேஷம் என்றால் சின்ன விஷயம் இல்லை. காமன் கூத்துக்குக் காப்புக் கட்டி, விரதம் இருந்து, முகத்தில் அரிதாரம் பூசிவிட்டால் அப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேலே கை படக் கூடாது. பெற்றவளும் கையெடுத்துக் கும்பிட்டு எலுமிச்சம்பழம் கொடுப்பாள். வேஷம் கலைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அவன் மறுபடி நம்ம வீட்டுப் பிள்ளை. செல்வம் மூன்று வருஷம் அப்படிக் கட்டியவன். எலி வேஷம் என்றதும் நான் அந்த மாதிரித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆறரை மணிக்கு லுணுகலையில் பஸ். பதுளைக்கு இருபத்து மூன்று மைல், டிக்கட் ஒரு ரூபாய் எண்பது சதம். ஈரக் கம்பளியும் கருவாடும் வெற்றிலையும் கலந்து மணந்தன. கண்டக்டர் சிங்களப் பையன், தமிழும் பேசினான்.

"ஆச்சி, உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க."

"உள்ளுக்குப் போனா அந்தப் பக்கத்தால விழுந்துருவோம் தம்பி," என்றாள் பேச்சி. பஸ் முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எட்டு மணிக்குப் பசறை. பஸ் கால் மணி நேரம் நின்றது. ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பால் விடாத பிளேன்டி குடித்தோம். பேச்சி சும்மா இருப்பாளா? கார்னிவலுக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

"எலியப் பாக்கவா?" என்றார் நானா. "நேத்து எங்கட புள்ளையளும் போனானுகள். எலிக்கு நல்லாக் குடுத்துட்டு வந்திருக்கானுகள்."

என்ன கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. காணிக்கை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பசறையிலிருந்து பதுளை பதினோரு மைல்தான், ஆனால் பாதை பாம்பு மாதிரி வளையும். ஒரு வளைவில் நமுனுகுல மலை வலப்பக்கம் இருக்கும், அடுத்த வளைவில் இடப்பக்கம் வந்து நிற்கும். பேச்சி ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்ததால் அந்த ஒரு மணி நேரம் பஸ் அமைதியாக இருந்தது.

ஒன்பதரை மணி, பதுளை. பஸ் நிலையத்திலிருந்தே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திடலுக்கு நடந்தோம். உள்ளே போக ஆளுக்கு ஐம்பது சதம்.

வாசலில் தகரத்தில் வரைந்த வாத்து ஒன்று, நாய் ஒன்று, இரண்டுக்கும் ஆள் உயரம். வரைந்தவன் அவசரத்தில் வாத்துக்கு மாறுகண் வைத்துவிட்டான். அந்த வாத்தே உயிரோடும் வந்து, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பொம்மைப் படத்து மிருகங்கள் இவை. பதுளைத் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் காட்டுவார்கள். செல்வம் சின்னவனாக இருக்கும்போது ஒரு தரம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ரோட்டு உருளை எலி மேல் ஏறும், எலி அப்பளமாய் ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து ஓடும். தியேட்டரே சிரிக்கும். வரைந்த எலிக்கு வலி ஏது? நானும்தான் சிரித்தேன்.

ராட்டினத்தைத் தாண்டிப் போனால் கயிறு கட்டிய வட்டம், அதைச் சுற்றிப் பெரிய கூட்டம். நடுவில் எலி நின்றது. காகிதக் கூழில் செய்த பெரிய தலை, இரண்டு காதும் முறம் அளவு. கறுப்புத் துணி உடம்பு, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த கையுறை. வால் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய். ஒலிபெருக்கி சிங்களத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் கத்தியது.

"வாங்க, வாங்க! மூணு பந்து ஐம்பது சதம்! மூக்குல அடிச்சா ஒரு சவர்க்காரக் கட்டி! எலிக்கு ஏழு உயிரு, அடிச்சாலும் சாகாது! பயப்படாம அடிங்க!"

மரத்தூள் வைத்துச் சுருட்டிய துணிப்பந்து. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நனைத்து எறிந்தால் நன்றாகப் படும் என்று. பந்து பட்டதும் எலி பொத்தென்று விழ வேண்டும், எழுந்து உடம்பை உதறி ஆட வேண்டும், படத்தில் வருகிற மாதிரியே. பிள்ளைகள் எறிந்தார்கள். பிள்ளைகளை விடுங்கள். காற்சட்டை போட்ட பெரிய மனுஷர்கள் கடிகாரத்தைக் கழற்றிப் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டு எறிந்தார்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வேஷம் கட்டியவன் முன்னால் வந்தாயிற்று, செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று கயிற்றோரம் போய்க் கும்பிட்டு எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். எலி ஆட்டத்தை நிறுத்தியது. கிட்டே வந்து கையுறைக் கையை நீட்டிப் பழத்தை வாங்கியது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "எலிக்குப் பூசை டோய்!" என்று எவனோ கத்தினான். கிட்டத்தில்தான் பார்த்தேன். வரைந்த கண்கள் வெறும் சாயம். சிரிக்கிற வாய்க்குள் ஒரு கறுப்பு வலை, அதற்குப் பின்னால் இரண்டு கண் என்னைப் பார்த்தன.

அந்த நேரம் ஒரு பந்து எலியின் கழுத்தில் வந்து விழுந்தது. உள்ளே இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல். அடுத்த பந்து வயிற்றில். எலி விழுந்தது, எழுந்திருக்க நேரம் எடுத்தது, அதற்கும் சிரித்தார்கள்.

கயிற்றுக்குக் கீழே குனிந்து போய் எலிக்கு முன்னால் நின்றேன். ஆயுசில் அவ்வளவு ஆம்பிளைகள் முன்னால் நின்றதில்லை. ஒரு பந்து என் தோளில் பட்டது. நனைந்த பந்து கல் மாதிரி இருக்கிறது.

"ஏய் கெழவி, ஒதுங்கு! எறிஞ்சா படும், ஒதுங்கு!" என்றது ஒலிபெருக்கி. பிறகு கொஞ்சம் இரைச்சல். பிறகு, "அம்மா...?"

திடல் முழுக்கக் கேட்டது. எலியைத் திரும்பிப் பார்த்தேன். எலி பேசவில்லை.

"அக்கா, அங்க பாரு, மேடையில," என்றாள் பேச்சி.

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் மகன் நின்றான். பூப்போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவ்வளவு நேரம் கேட்டும் அந்தக் குரல் அவனுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

எலி தன் தலையைக் கழற்றிக் கீழே வைத்தது. உள்ளே நரைத்த தாடியோடு ஒரு சிங்கள மனுஷன், என் வயது இருக்கும். பெயர் பியதாச என்று பிறகு தெரிந்தது. முகம் அவித்த கிழங்கு மாதிரி ஆவி விட்டது. அந்தக் கையில் என் எலுமிச்சம்பழம்.

செல்வம் இறங்கி ஓடி வந்தான்.

"யாருடா இது?"

"பியதாச ஐயாம்மா. போன வாரம் வரைக்கும் நான்தான் உள்ள நின்னேன். கொரல் நல்லாருக்குன்னு மொதலாளி மைக்கக் குடுத்தாரு."

"நீ அடி வாங்குன எடத்துல இந்த மனுசன நிப்பாட்டி, அடிங்க அடிங்கன்னு கத்துறியா?"

"வேலைம்மா. உள்ள பஞ்சு வச்சிருக்கு, வலிக்காது."

"நீ உள்ள நின்னவன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, வலிக்காதுன்னு."

அவன் பார்க்கவில்லை. பேச்சி குறுக்கே விழுந்து, பெரட்டு, கணக்கப்பிள்ளை, திங்கட்கிழமை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். செல்வம், "சரிம்மா. வரேன். ரெண்டு மணி பஸ்ஸுக்கே போயிருவோம்," என்றான்.

வந்த காரியம் முடிந்தது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார். வாயில் சுருட்டு, விரலில் மோதிரம்.

"ஆளுக முன்னால தலையக் கழட்டுனது யாரு? தலையக் கழட்டுனா அன்னைக்குச் சம்பளம் இல்ல. எலி பேசவும் கூடாது, தலையக் கழட்டவும் கூடாது. சேரும்போதே சொன்னேனா இல்லையா?"

"வயசான மனுசன், மூச்சு முட்டுதுங்க," என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

"மூச்சு முட்டுனா வீட்டுல இருக்கணும். கூட்டம் காத்துட்டு நிக்குது. பொழுது சாயிற வரைக்கும் எவனாவது எலியா நின்னா இந்தாளுக்குச் சம்பளம். இல்லாட்டி கெடையாது."

பியதாச என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். "ஆச்சி நல்லதுக்குத்தான் செஞ்சது," என்றார் உடைந்த தமிழில். "ஆனா நிக்காட்டி எனக்கு இன்னிக்குச் சல்லி இல்ல." சொல்லிவிட்டு, தலையை மறுபடி எடுக்கக் குனிந்தார். குனிந்ததுமே இருமல் பிடித்துக்கொண்டது.

"செல்வம், நீ வாடா," என்று அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு நான் வந்திருக்கலாம். அதற்குத்தான் போனேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அப்ப இவருக்கு என்னடா வழி?"

செல்வம் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை நேராகப் பார்த்தான். பூப்போட்ட சட்டையைக் கழற்றிப் பேச்சி கையில் கொடுத்தான். பியதாசவின் உடம்பிலிருந்து கறுப்புத் துணியை உரித்துத் தான் மாட்டிக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி வைத்துக்கொண்டான். முதலாளியே மைக்கைப் பிடித்தார். அடிங்க, அடிங்க.

பியதாசவை ராட்டினத்து நிழலில் உட்கார வைத்து ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். செல்வத்துக்குக் கட்டியது. அவர் பாதியை எடுத்துவிட்டு மீதியை மடித்து வைத்தார், "ஒங்க மகனுக்கு" என்று. அவரிடமிருந்தாவது எனக்கு ஒரு வசவு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிற்பகல் இரண்டு மணி பஸ் போய்விட்டது. கடைசி பஸ் நாலு மணிக்கு. அதுவரை கயிற்றோரம் நின்று பார்த்தேன். என் மகன் விழுந்தான், எழுந்தான், உடம்பை உதறினான், ஆடினான். கூத்தில் ஆடிய அதே கால். காலையில் கடிகாரத்தைக் கழற்றின ஆளே திரும்பி வந்து இன்னும் மூன்று பந்து வாங்கினான். அவன் பிள்ளை, "அப்பா, போதும்" என்றது. "அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது மகன், அது எலி," என்றான் அவன்.

மூன்றரை மணிக்குப் பேச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, பஸ் போயிரும். கூப்புடு அவன."

"வேசத்துல நிக்கிறவன எப்புடிடி பேர் சொல்லிக் கூப்புடுறது?"

"அது கூத்து வேசம் அக்கா! இது மொதலாளி வேசம்! விரதமா இருந்தான்?"

"காலைலருந்து அவன் என்னாடி சாப்பிட்டான்?" என்றேன்.

நான் அவனைக் கூப்பிடக் கூடாது, அவன் பேசக் கூடாது. கயிற்றோரம் போய்க் கும்பிட்டேன். எலி ஆடிக்கொண்டே கிட்டே வந்தது. வலைக்குப் பின்னால் அவன் கண்ணைப் பார்த்தேன். முதுகில் ஒரு பந்து விழுந்தது. கண் இரண்டும் இறுக மூடித் திறந்தன. பஸ் நிலையம் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வருகிற வழியில் மலைகள் எந்தப் பக்கம் இருந்தன என்று தெரியாது. இருட்டின பிறகு லுணுகலை. அவன் சட்டை பேச்சி மடியில் இருந்தது.

திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை ஐயா செல்வத்தின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் என் முகத்தைப் பார்த்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் கஞ்சிக்கு வழியில்லாத வருஷத்திலும் வேஷம் கட்டியவன் மேல் ஒருவன் கை வைத்ததில்லை. பதுளையில் காசு கொடுத்துக் கை வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள். கார்னிவல் இப்போது மட்டக்களப்பில் இருக்கும். பிறகு உங்கள் ஊருக்கும் வரும். பிள்ளைகளைக் கூட்டிப் போவீர்கள், போங்கள். பந்தைக் கையில் எடுத்ததும் கயிற்றோரம் போய் அந்த எலியின் வாயைப் பாருங்கள். வாய்க்குள் இரண்டு கண் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் எறிய முடிந்தால் எறியுங்கள்.